முட்டி வலி என்றான், பழுது இடுப்பில்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் வீடு சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். கணவருக்கும் அங்கேயே வேலை. மகனுக்கு வயது 13. ஆறாம் ஆண்டு படிக்கும்போது ஏ.எல்.எல். என்னும் இரத்தப் புற்றுநோய் வந்து, 15 மாதமாகச் சிகிச்சை நடக்கிறது. இப்போது வீட்டில் மாத்திரை, மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஊசி. ஊசி போட்டதும் ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை. இரண்டு மாதத்துக்கு முன் வலது முட்டி வலிக்கிறது என்றான். பக்கத்து கிளினிக்கில் முட்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வளர்கிற பிள்ளைக்கு வருவதுதான் என்றார்கள். வலி போகவில்லை. என் நாத்தனார் பசார் மாலாம் இரவுச் சந்தையில் மூட்டுவலிக்கு விற்கும் ஒரு காப்சூலை வாங்கித் தந்தார். மூன்று வாரமாகத் தினமும் கொடுக்கிறேன். இரண்டாம் நாளே வலி பாதியாகிவிட்டது, நன்றாகவும் சாப்பிடுகிறான். ஆனால் நொண்டுவது நிற்கவில்லை. போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்து, இடுப்பு எலும்பு செத்துப்போயிருக்கிறது, ஸ்டீராய்டால் வந்தது என்றார்கள். எலும்பு டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நோய் திரும்பிவிட்டதா? ஸ்டீராய்டை நிறுத்திவிடட்டுமா? உருட் என்னும் மலாய்த் தடவல் வைத்தியம் செய்யலாமா? காலம் முழுக்க நொண்டித்தான் நடப்பானா? அவன் குணமானால் பத்துமலை படியேறிப் பால்குடம் எடுப்பான் என்று வேண்டியிருக்கிறேன், அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

பதில்: அம்மா, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் காப்சூல். இரண்டாம் நாளே வலி பாதி, கூடவே பசி என்று எழுதியிருக்கிறீர்கள். மூலிகை அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. நம் நாட்டில் மூட்டுவலிக்கென்று விற்கப்படும் ஜாமு என்னும் மூலிகை மருந்து, காப்சூல் வகைகளில் டெக்ஸாமெத்தாசோன் கலந்திருப்பதை என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. டெக்ஸாமெத்தாசோன் ஒரு ஸ்டீராய்டு. எந்த மருந்தால் எலும்பு பழுதானதோ அதே மருந்தை, அளவே தெரியாமல், மூன்று வாரம் தினமும் கொடுத்திருக்க வாய்ப்பு இருக்கிறது.

அதற்காக இன்றைக்கே நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். தினமும் ஸ்டீராய்டு உள்ளே போனால், சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் அது உடனே எழுந்து வேலைக்கு வராது. பிள்ளை சோர்ந்து விழுவான், வாந்தி, வயிற்றுவலி, தலைச்சுற்றல் வரும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கும். அந்த நேரத்தில் ஒரு காய்ச்சலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நாளைக் காலையே அவன் சிகிச்சை பெறும் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். பொட்டலத்தையும் மிச்சக் காப்சூலையும் எடுத்துக்கொண்டு போங்கள், எத்தனை நாள், நாளுக்கு எத்தனை என்று எழுதிக் கொடுங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். அதற்குள் மேலே சொன்ன அறிகுறி ஏதாவது தெரிந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வார்த்தையாக ஸ்டீராய்டு பற்றிச் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். இதைச் சொல்லாமல் விட்ட வீடுகளில்தான் பிள்ளைக்கு ஆபத்து வருகிறது. பொட்டலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எண்களோடு ‘டி’ (T) எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாரம்பரிய மருந்துகளுக்கு அப்படித்தான் எண் தருவார்கள். எண் இருந்தாலும் கீமோ எடுக்கும் பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. போலி எண் அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. எலும்பு செத்துப்போவதும் நோய் திரும்புவதும் வேறு வேறு. இந்தப் பழுதுக்கு ஆஸ்டியோநெக்ரோசிஸ் என்று பெயர். ஏ.வி.என். என்றும் எழுதுவார்கள். இது புற்றுநோய் அணுக்கள் எலும்பைத் தின்றதால் வருவதில்லை. எலும்புக்குள் இரத்தம் போகாமல் நின்றதால் வருகிறது. நோய் திரும்பினாலும் கால் வலிக்கும் என்பது உண்மைதான். அப்போது பெரும்பாலும் இரத்த எண்ணிக்கை குறையும், முகம் வெளுக்கும், காரணமில்லாமல் தோல் நீலமாகக் கன்றும், காய்ச்சல் வரும். எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டும் வேறு மாதிரி தெரியும். ஏ.வி.என். என்றால் செத்த பகுதியைச் சுற்றி வளைந்து வளைந்து ஒரு எல்லைக்கோடு இருக்கும். நோய் என்றால் மஜ்ஜை பரவலாக நிறம் மாறியிருக்கும். மனசு ஆறவில்லை என்றால் டாக்டரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மற்ற இடத்து மஜ்ஜை சுத்தமாக இருந்ததா?

முட்டியில் வலி, பழுது இடுப்பில், எப்படி என்று குழம்பியிருப்பீர்கள். இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் ஒரே நரம்பு கிளை விடுகிறது. ஒரே கம்பியில் இரண்டு வீட்டு மணி அடிப்பது மாதிரி, எங்கிருந்து அழைப்பு என்று மூளை தடுமாறும். இடுப்பு கெட்ட பிள்ளைகளில் பலர் தொடையையோ முட்டியையோதான் தொட்டுக் காட்டுவார்கள். முட்டி எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததில் ஆச்சரியமே இல்லை. இடுப்பை எக்ஸ்ரே எடுத்திருந்தாலும் ஆரம்பத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. எலும்பு உருக்குலைய ஆரம்பித்த பிறகுதான் எக்ஸ்ரே பேசும், அதற்குப் பல மாதம் முன்பே எம்.ஆர்.ஐ. சொல்லிவிடும். ஸ்டீராய்டு வாங்கிய பிள்ளை, அதிலும் 10 வயதைத் தாண்டியவன், இரண்டு வாரத்துக்கு மேல் நொண்டினால் ‘வளர்ச்சி வலி’ என்று விடக் கூடாது. வளர்ச்சி வலி இரண்டு காலிலும் இரவில் வரும், காலையில் காணாமல் போய்விடும், நொண்ட வைக்காது.

வீட்டில் பார்க்கக்கூடிய ஒரு அடையாளம் உண்டு. மகனை மல்லாக்கப் படுக்க வைத்து, நல்ல காலை முதலில் எடுங்கள். தொடை நிமிர்ந்து நிற்க, முட்டி மடங்கியிருக்க, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் சாயுங்கள். அப்போது தொடை எலும்பு இடுப்புக்குள் உள்நோக்கித் திரும்பும். அதேபோல் வலது காலுக்கும் செய்யுங்கள். பழுதான இடுப்பில் பாதம் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும், அல்லது கவட்டுப் பகுதியில் சுருக்கென்று வலிக்கும். வலிக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள், தள்ளாதீர்கள். இடது பக்கமும் அப்படி நின்றால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்தப் பழுது ஒரே மூட்டோடு நிற்பது குறைவு. மற்ற இடுப்பு, முட்டி, கணுக்கால், தோள் என்று பல இடத்தில் ஒரே சமயத்தில் இருக்கும், சிலவற்றில் வலியே இருக்காது. தரையில் சம்மணம் போட முடியாமல் ஒரு காலை நீட்டி உட்காருவது, காலுறை மாட்ட உங்களைக் கூப்பிடுவது, குந்தும் கழிப்பறையிலிருந்து சுவரைப் பிடித்து எழுவது, இவையும் அடையாளங்களே. பிள்ளைகள் வலியைச் சொல்லாமல் இப்படித்தான் சமாளிப்பார்கள்.

ஏன் இவனுக்கு வந்தது? நீங்கள் சாப்பாடு சரியாகக் கொடுக்காததால் வரவில்லை. தொடை எலும்பின் மேல் முனை ஒரு பந்து. அந்தப் பந்துக்கு இரத்தம் கொண்டுவருவது சில மெல்லிய குழாய்கள், மாற்று வழி கிடையாது. ஸ்டீராய்டு உள்ளே இருக்கும் கொழுப்பு அணுக்களை ஊத வைக்கிறது. எலும்போ மூடிய பெட்டி, விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி இரத்தக் குழாய் நசுங்குகிறது. அதே காலத்தில் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆஸ்பராஜினேஸ் ஊசி இரத்தக் கொழுப்பை ஏற்றுகிறது, உறைதலையும் மாற்றுகிறது, டெக்ஸாமெத்தாசோன் உடம்பை விட்டு வெளியேறுவதையும் தாமதப்படுத்துகிறது. ஒன்றோடொன்று சேர்ந்து அடிக்கும் அடி இது.

வயது பெரிய காரணம். அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு ஆய்வில், 10 வயதுக்குக் கீழே 100-க்கு ஒருவருக்கும் குறைவாகவே இது வந்தது, 10 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 100-க்கு சுமார் 14 பேருக்கு வந்தது. பருவ வயதில் எலும்பு வேகமாக வளர்ந்து, அது நீளும் இடமான வளர்ச்சித் தட்டு மூடும் காலத்தில் இருப்பது ஒரு காரணம் என்று கருதுகிறோம். அதன் பிறகு சிகிச்சை முறையை மாற்றிப் பார்த்தார்கள். டெக்ஸாமெத்தாசோனை 21 நாள் தொடர்ந்து கொடுப்பதற்குப் பதிலாக ஒரு வாரம் கொடுத்து, ஒரு வாரம் விட்டு, மறுபடி ஒரு வாரம் கொடுத்தால் 10 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்தப் பழுது 17 சதவீதத்திலிருந்து 8.7 ஆகக் குறைந்தது, நோய் திரும்புவது கூடவில்லை. 2012-இல் வெளியான முடிவு இது. இவ்வளவு கவனித்தும் சில பிள்ளைகளுக்கு வருகிறது. ஸ்டீராய்டே வேண்டாம் என்று விடவும் முடியாது. ஏ.எல்.எல். வந்த பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இன்று பிழைக்கிறார்கள் என்றால் அதில் ஸ்டீராய்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

செத்த எலும்பு உடனே நொறுங்காது. இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், இனி சொல்லப்போவது எல்லாம் இதை ஒட்டித்தான். இரத்தம் நின்ற அன்று எலும்பின் வலு அப்படியே இருக்கும். பிறகு உடம்பு பழுது பார்க்க வருகிறது. செத்ததைச் சுரண்டி எடுத்து, புதிதாகக் கட்டுகிறது. சுரண்டுவது வேகமாக நடக்கும், கட்டுவது மெதுவாக நடக்கும். இடையில் சில மாதங்கள் பந்தின் கூரைக்குக் கீழே பொக்கையாக இருக்கும். உங்கள் தோட்டத்துச் சாலையில் மழைக்கு அடிமண் அரித்துப்போன இடத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே தார் நன்றாகத்தான் தெரியும், சைக்கிள் போனால் ஒன்றும் ஆகாது. பழக்குலை ஏற்றிய லாரி போன அன்று உள்ளே இறங்கிவிடும். இடுப்பிலும் அப்படித்தான். மேலே வழவழப்பான குருத்தெலும்பு, அதற்குக் கீழே பொக்கை. லாரியை அனுப்பாமல் வைத்திருப்பதுதான் இந்த மாதங்களில் உங்கள் வீட்டு வேலை.

லாரி எது என்று கணக்குப் போடுவோம். ஒரு காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. நடப்பது என்றாலே மாறி மாறி ஒரு காலில் நிற்பதுதான். கடிதத்தில் எடையை எழுதவில்லை. 52 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு அடிக்கும் 150 கிலோ வரை. படி ஏறினால், ஓடினால், குதித்தால் இன்னும் மேலே. ஸ்டீராய்டுப் பசியால் ஏறிய ஒவ்வொரு கிலோவும் இடுப்பில் மூன்று கிலோ. அதனால் மைலோவும் ரொட்டி சானாயும் குறைய வேண்டும் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கீமோ நடக்கும்போது பட்டினி போட்டு இளைக்க வைக்கக் கூடாது. சீனித் தண்ணீரை நிறுத்துவது, சோற்றைக் குறைத்து மீன், முட்டை, பருப்பு, காய் கூட்டுவது, அதுவே போதும்.

அக்குளுக்குக் கீழே வைத்து ஊன்றும் கைத்தடி வேண்டும். இரண்டு, ஒன்று அல்ல. எலும்பு டாக்டரைப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். புற்றுநோய்ப் பிரிவில் கேட்டால் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்து, அங்கே அளவு பார்த்துத் தருவார்கள். அளவு தப்பினால் நன்மையைவிடத் தொல்லை அதிகம். செருப்புப் போட்டு நிமிர்ந்து நிற்கும்போது, அக்குளுக்கும் தடியின் மேல்பஞ்சுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் போக வேண்டும். கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடியும் இடத்தில் இருக்க வேண்டும், பிடித்தால் முழங்கை கொஞ்சம் மடங்க வேண்டும். பாரம் கையில்தான், அக்குளில் தொங்கக் கூடாது. தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். புற்றுநோய்க்குப் போடும் வின்கிரிஸ்டின் ஊசி ஏற்கெனவே நரம்பை வாட்டியிருக்கிறது, மேலும் ஒரு அடி வேண்டாம். தடி இரண்டும் வலது காலோடு சேர்ந்து முன்னே போக வேண்டும், பிறகு இடது கால். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். ஒரு தடி போதும் என்று பின்னால் சொன்னால், அதை வலிக்கும் பக்கத்தில் பிடிக்கக் கூடாது, எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தடியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள். லயத்து வீட்டுச் சிமெண்டுத் தரை நனைந்திருக்கும்போது தேய்ந்த ரப்பர் வழுக்கிவிடும், செம்மண் பாதையில் மழைக்குப் பிறகு அதைவிட மோசம். தோளிலும் பழுது இருப்பதாக எம்.ஆர்.ஐ. சொன்னால் சாதாரணத் தடி கொடுக்கக் கூடாது, பாரம் முழுவதும் தோளுக்குப் போகும். முன்கையை வைத்துச் சாயும் மேடை வைத்த தடி வேறு இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தடி பிடித்தால் எலும்பு நொறுங்கவே நொறுங்காது என்று உறுதி கொடுக்க யாராலும் முடியாது. பழுது பெரிதாக இருந்தால் எவ்வளவு கவனித்தும் உள்ளே இறங்கலாம். அப்படி ஆனால் அது உங்கள் தவறு ஆகாது. ஆனால் அளவு சரியான தடி வலியைக் குறைக்கும், கெடுதல் எதுவும் செய்யாது.

வீட்டில் மாற்ற வேண்டியவை சில. குந்தும் கழிப்பறையின் மேல் வைக்கும் ஓட்டை நாற்காலி மருந்துக் கடைகளிலும் உபகரணக் கடைகளிலும் கிடைக்கும், இன்றே வாங்குங்கள். சாப்பாடு, படிப்பு எல்லாம் நாற்காலியில். உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும், தாழ்ந்த பிளாஸ்டிக் ஸ்டூல் உதவாது. அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருவதை நிறுத்துங்கள். காலை அகலமாக வீசி ஏறுவதும், தொப்பென்று குதித்து இறங்குவதும் இடுப்புக்கு நல்லதல்ல. பந்து, பூப்பந்து, செப்பாக் தக்ராவ், மூன்றும் இப்போதைக்குக் கிடையாது. கோபிப்பான். அந்தக் கோபத்துக்கு இடம் கொடுங்கள், விளையாட்டுக்கு வேண்டாம்.

ஆனால் படுக்கையிலேயே கிடத்திவிடாதீர்கள், இதில்தான் பாசமுள்ள வீடுகள் தவறுகின்றன. அசையாத மூட்டு இறுகும், தசை கரையும். தசை கரைந்தால் பாரம் முழுவதும் எலும்புக்கே போகும். காலை மாலை 15 நிமிடம் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள், இடுப்பு முன்பக்கம் மடங்கியே இறுகாமல் இருக்க அது உதவும். மல்லாக்கப் படுத்து, முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தி ஐந்து எண்ணி விடட்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. அதே நிலையில் வழவழப்பான பிளாஸ்டிக் தாள் மேல் குதிகாலை வெளியே சறுக்கி உள்ளே கொண்டுவரட்டும், பத்து முறை. நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் நல்லது, இருக்கையை உயர்த்தி, இறுக்கம் இல்லாமல். நீச்சல் எல்லாவற்றிலும் நல்லது. ஆனால் வெள்ளை அணு குறைந்திருக்கும்போது பொதுக் குளம் வேண்டாம், உடம்புக்கு வெளியே குழாய் தொங்கும் பிள்ளைக்கு எப்போதும் வேண்டாம். தோலுக்கு அடியில் வைத்த கீமோபோர்ட் என்றால் ஊசி இல்லாத நாளில் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்கலாம்.

உருட் வேண்டாம். செத்த எலும்புக்கு இரத்தம் வர வைக்கும் தடவல் எதுவும் இல்லை. இரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்த உடம்பில் அழுத்தித் தேய்த்தால் தசைக்குள் இரத்தம் கசியும். பொக்கையான பந்தை முறுக்கினால் என்ன ஆகும் என்பதை லாரிக் கதையில் சொல்லிவிட்டேன்.

வலி மாத்திரை விஷயத்தில் வரிசை முக்கியம். முதலில் வெப்பமானி, பிறகு பாரசிட்டமால். பாரசிட்டமால் காய்ச்சலை மறைக்கும். கீமோ எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் மறைவது பெரிய ஆபத்து. 38 டிகிரி தாண்டினால் மாத்திரை கொடுத்துவிட்டுப் படுக்க வைக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காய்ச்சல் இல்லையென்றால் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி கிராம் கணக்கு, அதாவது 52 கிலோவுக்கு 500 மில்லி கிராம் மாத்திரை ஒன்று போதும். ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கைத் தாண்டக் கூடாது. பொன்ஸ்தான், புரூஃபென், வோல்டாரென் இவற்றை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தட்டணுவின் வேலையைக் கெடுக்கும், வயிற்றில் இரத்தம் கசியச் செய்யும், கீமோ மருந்தான மெத்தோட்ரெக்சேட் சிறுநீரில் வெளியேறுவதைத் தடுத்து அதை உடம்பில் தேங்க வைக்கும். டாக்டர் இரத்தம் பார்த்து எழுதினால் அது வேறு. காய்ச்சலோடு மூட்டு சூடாகி, காலை அசைக்கவே விடவில்லை என்றால் அது கிருமி புகுந்த மூட்டாக இருக்கலாம். அதற்கு மணிக்கணக்குதான், நாள் கணக்கு இல்லை.

இப்போது ஸ்டீராய்டு. ஏ.வி.என். வந்த பிறகு, உங்கள் மகன் இப்போது இருக்கும் பராமரிப்புக் கட்டத்தில் மிச்சமிருக்கும் ஐந்து நாள் ஸ்டீராய்டுகளைப் பல புற்றுநோய் மருத்துவர்கள் விட்டுவிடுவார்கள். தீவிரக் கட்டங்கள் முடிந்துவிட்டனவா, முதல் மாதங்களில் எஞ்சிய நோய் அணு எவ்வளவு இருந்தது என்றெல்லாம் பார்த்துத்தான் அந்த முடிவு. அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு, கேட்க வேண்டியது நீங்கள். அடுத்த ஊசிக்கு முன் நேராகக் கேளுங்கள்: இந்த மாதம் டெக்ஸா கொடுக்கலாமா? தினமும் இரவில் கொடுக்கும் மெர்காப்டோபூரினையும், வாரம் ஒருமுறை கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டையும் மட்டும் இந்தப் பயத்தில் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். அவை ஸ்டீராய்டு அல்ல. மெர்காப்டோபூரின் நூறு நாளில் ஐந்து நாளுக்கு மேல் விடுபட்டாலே நோய் திரும்பும் அபாயம் கூடுவது ஆய்வில் தெரிந்த விஷயம். இடுப்பைக் காப்பாற்றப் போய் பிள்ளையை இழக்கக் கூடாது.

எலும்பு டாக்டரிடம் போகும்போது எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு படங்கள் உள்ள வட்டையும் எடுத்துப் போங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை: பந்தில் எத்தனை பங்கு கெட்டிருக்கிறது, பாரம் தாங்கும் மேல்கூரை அதில் சேர்ந்ததா, கூரை உள்ளே இறங்கிவிட்டதா, மற்ற மூட்டுகளைப் படம் எடுத்தார்களா. பந்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு, கூரை ஒழுங்காக இருக்கிறது என்றால் பல பிள்ளைகள் அறுவை இல்லாமலே வாழ்கிறார்கள். அதற்கு மேல் கெட்டிருந்தால் அடுத்த ஒன்றிரண்டு ஆண்டில் இறங்கும் வாய்ப்பு அதிகம்.

கூரை இறங்குவதற்கு முன் என்றால், பந்துக்குள் மெல்லிய துளை போட்டு அழுத்தத்தை இறக்கும் அறுவை உண்டு. சிலருக்கு வலி குறைகிறது, எல்லோருக்கும் இல்லை. வளரும் வயதில் வளர்ச்சித் தட்டைத் துளைக்க வேண்டுமா என்பதையும் யோசிப்பார்கள். பாமிட்ரோனேட், சோலட்ரோனிக் அமிலம் என்னும், இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் மருந்துகள் வலியைக் குறைக்கலாம், நொறுங்குவதைத் தடுக்கும் என்று உறுதியில்லை. எழுதினால், ஏற்றுவதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டி, வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் ஏற்றத்துக்குப் பின் காய்ச்சல் வருவது சகஜம், ஆனால் கீமோ பிள்ளைக்கு எந்தக் காய்ச்சலையும் சகஜம் என்று விடக் கூடாது. பாலும் நெத்திலியும் தவ்ஹு என்னும் சோயாக் கட்டியும் நல்லவை, இந்த வயதுக்கு நாளுக்கு 1,300 மில்லி கிராம் கால்சியம் வேண்டும். ஆனால் அவை மற்ற எலும்பை வலுப்படுத்தும், செத்ததை எழுப்பாது. ஸ்டெம் செல் ஏற்றி எலும்பை உயிர்ப்பிக்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

கூரை இறங்கி வலி தாங்காத நிலை வந்தால் செயற்கை இடுப்பு. 13 வயதில் அவசரப்பட்டுச் செய்வதில்லை, கூடுமானவரை வளர்ச்சி முடியும்வரை இழுப்பார்கள். எப்போது செய்வது என்பதைப் படத்தைவிட அவன் வலிதான் முடிவு செய்யும். படம் மோசமாக இருந்தும் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய செயற்கை இடுப்புகள் 15, 20 ஆண்டு, அதற்கு மேலும் உழைக்கின்றன. இளம் வயதில் வைத்தால் வாழ்நாளில் ஒருமுறை மாற்ற வேண்டிவரலாம். அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், கார் ஓட்டலாம். ஆகவே ‘காலம் முழுக்க நொண்டி’ என்பதற்கு என் பதில், பெரும்பாலும் இல்லை. மூட்டுப் பொருளுக்கான செலவை அரசு ஆஸ்பத்திரியிலும் குடும்பம் கொடுக்க வேண்டியிருக்கலாம். அதனால் அறுவைப் பேச்சு எழுந்த அன்றே மருத்துவச் சமூகப் பணி அதிகாரியைப் பாருங்கள், உதவி நிதிக்கு விண்ணப்பிக்க நேரம் பிடிக்கும்.

பள்ளிக்கு மலாயில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். பொதுவாக ‘சலுகை தரவும்’ என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. உடற்கல்வி வேண்டாம், திங்கட்கிழமை சபைகூடலில் நாற்காலி வேண்டும், வகுப்பு கீழ்த்தளத்தில் வேண்டும், மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே வகுப்பு மாற விட வேண்டும் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். புத்தகப்பை முதுகில் ஏறினால் அந்தப் பாரமும் மூன்று மடங்கு. ஒரு செட் பாடநூல் பள்ளியிலேயே இருக்கட்டும் என்று வகுப்பாசிரியரைக் கேளுங்கள்.

கடைசியாகப் பால்குடம். பத்துமலையில் 272 படி. ஏறி இறங்கினால் 544. அதில் பாதி, 272 முறை, வலது இடுப்பின் மேல் 150 கிலோவுக்கும் மேல் இறங்கும், தைப்பூசக் கூட்டத்தில் நசுங்கி, வெறும் காலில். இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவன் ஏறக் கூடாது. குடத்தை நீங்கள் எடுங்கள் அம்மா. அவன் அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கட்டும்.